மாடியில் ஓர் அடுப்பு

அத்தியாயம் 11

போன வாரம் சீல் சாரைக் கையில் பேனாவும் மூக்குமேல் கோபமுமாக வாசற்படியில் நிறுத்திவிட்டு வந்தோம். ஏழு நாளாக மனிதர் அங்கேயே நிற்கவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், தெருவில் நாலு பேருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். மகளுடைய படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சீல் சார் வரி அலுவலகக் கவுன்ட்டரில் முப்பத்து நாலு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தெரு அவருக்கு வைத்த பெயர் அது. மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரே மகள், இருபத்தேழு வயதிலும் வீட்டுக்குப் பாப்பா, காதுக் கருவி நிலையத்தில் வேலை செய்கிறாள். காது மந்தமானவர்களின் காதுக்குள் பசையைச் செலுத்தி அச்செடுப்பது அவள் வேலை.

நகரத்தின் மறுகோடியில் இரண்டு தோழிகளோடு வாடகை அறையில் இருந்தவள், வாடகை மூன்றாம் முறையாக ஏறியதும் நாலு அட்டைப்பெட்டி, ஒரு மேசை விசிறியோடு வீட்டு மாடி அறைக்கே திரும்பி வந்தாள். மிச்சமாகும் வாடகையையும், இளம் ஊழியர்களுக்கு உண்டான வரிச் சலுகையையும் சேர்த்தால் மேற்படிப்புக்குக் கட்டிவிடலாம் என்பது அவள் திட்டம். அச்செடுக்கிறவள் இரண்டு வருஷம் படித்தால் கேட்கும் திறனைச் சோதிக்கிறவள் ஆகலாம்.

திட்டத்தில் மண் விழுந்தது ஒரு கடிதத்தால். ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரே குடும்பம், ஆகவே தகப்பனாரின் பென்ஷனும் தாயாரின் சம்பளமும் விண்ணப்பதாரரின் குடும்ப வருமானம், ஆகவே வரம்பைத் தாண்டிவிட்டது, ஆகவே சலுகை கிடையாது. தனி அடுப்பு என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மறுபரிசீலனை உண்டு. திங்கட்கிழமை கடைசி நாள்.

இன்று சனிக்கிழமை.

காலை ஏழரைக்குப் பயிற்சிப் பள்ளிக் கார் வாசலில் வந்து நின்றது. மனைவி பின்கதவைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய எதையோ இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னது இது?" என்றார் சீல் சார்.

"அடுப்பு."

"அது தெரியுது. நம்ம வீட்ல இருக்கிறது என்ன, அலமாரியா?"

"ஒத்தை பர்னர். எங்க முதலாளி மச்சான் வீட்டுப் பரண்ல சும்மா கிடந்துச்சு. மாடியில ஒரு ஓரமா வச்சிடுவோம். நீங்க கையெழுத்துப் போடுங்க. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"யாராவது வந்து பார்த்தா?"

"யாரு வரப் போறா?"

இந்தக் கேள்வியை ஊரில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த முப்பத்து நாலில் பத்து வருஷம், வீடு வீடாக வந்து பார்க்கிற ஆளாகச் சுற்றியவரிடமே கேட்டாள். சமையலறைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் செய்வது, ஆட்காட்டி விரலால் பர்னரைத் தொட்டுப் பார்ப்பது. சூடு இருந்தால் சமைக்கிறார்கள். சில்லென்று இருந்தால், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் சில்லென்று இருந்தால், பேச்சே கிடையாது. அலுவலகத்தில் அந்த விரலுக்குத் தனி மரியாதை இருந்தது.

ஒருமுறை அண்ணன் வீட்டுப் பின்கட்டில் மனைவியோடு குடியிருந்த ஓர் இளைஞன், புத்தம் புது அடுப்பைக் காட்டி, தினமும் இதில்தான் சமைக்கிறோம் என்று சத்தியம் செய்தான். இவர் விரலை வைத்தார். பர்னரில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு விரலோடு வந்துவிட்டது. அந்தச் சீட்டையே கோப்பில் ஒட்டி, கீழே "பயன்படுத்தப்படவில்லை" என்று எழுதி முத்திரை குத்தினார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இந்தக் கதை நிச்சயம் உண்டு. சொல்லும்போது முடிவில் அவருக்கே சிரிப்பு அடங்காது.

"பொய்க் கையெழுத்து என் கையால விழாது," என்றார் இப்போது.

மகள் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் வெள்ளைக் கோட்டு கையில் மடித்திருந்தது. அடுப்பைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், விஷயம் புரிந்தது.

"விடும்மா. அப்பா போட மாட்டார்னு தெரிஞ்சதுதானே."

அந்த "தெரிஞ்சதுதானே"தான் அவரைச் சுட்டது. சும்மா இருந்திருக்கலாம். வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்று தீர்மானமாகிவிட்டால் யார் தடுப்பது?

"எங்க காலத்துல சலுகையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நானும் உங்கம்மாவும் ஒரே குடைய வச்சுக்கிட்டு நாலு வருஷம் ஓட்டினோம். மழை வந்தா ஒருத்தர் குடையில போகணும், ஒருத்தர் நனையணும்."

"நனைஞ்சது எப்பவும் நான்தான்," என்றாள் மனைவி, அடுப்பின் தூசியைத் துடைத்துக்கொண்டே.

"உனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை வெளியில காபி. தவணையில ஃபோன். செலவு ஏறுது ஏறுதுன்னா எப்படி?"

"அந்த ஃபோன்லதான்ப்பா எனக்கு டியூட்டி நேரமே வருது. காபிய விட்டுடறேன். விட்டா எத்தனை வருஷத்துல வீடு வரும்னு நீங்களே சொல்லுங்க." அவள் குரல் உயரவில்லை. "இந்த மனைய வாங்கினப்ப அது உங்களுக்கு எத்தனை வருஷச் சம்பளம்?"

சீல் சாருக்கு ஒரு கஷ்டம் உண்டு. எண்ணைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பொய் வராது.

"ரெண்டரை வருஷம்."

"இப்ப இதே தெருவுல, இதே அளவு மனை, எனக்கு இருபத்திரண்டு வருஷச் சம்பளம். சாப்பிடாம, பஸ் ஏறாம, சட்டை வாங்காம."

"அதுக்காக வரி கட்டாம இருக்கலாமா? வரி இல்லாம ரோடு எங்க, ஆஸ்பத்திரி எங்க?"

"கட்டறேனேப்பா. மாசாமாசம் சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுடறாங்க. உங்க பென்ஷனுக்கு வரி இல்ல. இருக்கட்டும், வயசானவங்களுக்கு வேணும். ஆனா எனக்கு வரி போடறப்ப மட்டும் உங்க பென்ஷன் என் வருமானமாயிடுது. அதுல ஒரு காசு என் கையில வர்றதில்ல." கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சொல்லப்போனா என்கிட்ட பிடிக்கிறதுலதான் உங்க பென்ஷனே வருது."

மனைவியின் வலது கால் தரையை அழுத்தியது. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறும்போதெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். வீட்டில் யார் பேச்சு எல்லை மீறினாலும் அந்தக் கால் தானாக அழுத்தும். இந்த முறை மிதித்தும் வண்டி நிற்கவில்லை.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சீல் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்து நாலு வருஷ உழைப்பு அந்தப் பென்ஷன் என்று நினைத்திருந்தார். அதை யாரோ கொடுக்கிறார்கள் என்று நினைத்ததே இல்லை, அதுவும் பெற்ற பெண் கொடுக்கிறாள் என்று. அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடிப் பார்த்தார். தப்பு இல்லை என்பதுதான் வலித்தது.

"பதினோரு மணிக்கு உங்களுக்கு அங்கதான் வேலை. மறந்துடாதீங்க," என்றாள் மனைவி.

"எங்க?"

"பாப்பாவோட நிலையத்துல. போன மாசம் டெஸ்ட் எடுத்தாங்கல்ல, இடது காது மந்தம்னு. இன்னிக்கு அச்சு எடுக்கணும். நாள் வாங்கியாச்சு, வேற நாளுக்கு மாத்த முடியாது."

"நீ வேணும்னே..."

"நான் நாள் வாங்கினது மூணு வாரத்துக்கு முன்னாடி. இன்னிக்குக் காலைல நீங்க ரெண்டு பேரும் மோதிக்குவீங்கன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

* * *

நிலையம் ஒரு மருந்துக் கடைக்கு மேல், முதல் மாடியில் இருந்தது. காத்திருக்கும் அறையில் எட்டு நாற்காலி, பன்னிரண்டு பேர். எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசினார்கள். சுவரில் ஓர் அட்டை தொங்கியது. சோதனை செய்பவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார், அடுத்த சோதனைக்கான நாள் ஐந்து வாரம் கழித்து. ஐந்து என்ற எண்ணை அழித்து அழித்து எழுதியதில் அட்டை அந்த இடத்தில் தேய்ந்திருந்தது.

மகள் கதவைத் திறந்து, மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில், "அடுத்தவங்க வாங்க," என்றாள். யார் என்று பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு வழிவிட்டாள்.

சின்ன அறை. மேசை மேல் விளக்கு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு, ஒரு தட்டு நிறைய இளஞ்சிவப்புக் காதுகள். காலையிலிருந்து எடுத்த அச்சுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர்ச்சீட்டு.

"பாப்பா, காலைல நான்..."

"தலைய இந்தப் பக்கம் சாய்ங்க."

விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தாள். நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைத்துத் தள்ளினாள். அவள் விரல்களில் அவசரமே இல்லை. ஐந்து வயதில் செருப்பு வாரைப் போடத் தெரியாமல் அழுத விரல்கள்தானா இவை என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு பசையையும் குழைத்துச் சிரிஞ்சில் அடைத்தாள்.

"சில்லுன்னு இருக்கும். அஞ்சு நிமிஷம் ஆகும் இறுகறதுக்கு. அதுவரைக்கும் பேசக் கூடாது. பேசினா தாடை ஆடும், தாடை ஆடினா அச்சு கெட்டுடும்."

"ம்."

"ம் கூடக் கூடாது."

பசை உள்ளே இறங்கியது. இடது பக்கத்து உலகம் அடங்கியது. அவள் சுற்றிவந்து, வலது காதுப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சீல் சார் வாழ்க்கையில் எதிர்வாதம் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்த முதல் ஐந்து நிமிஷம் அது.

"பென்ஷன் பத்திச் சொன்னது தப்புப்பா. சொன்ன விஷயம் தப்பு இல்ல. உங்ககிட்ட அப்படிச் சொன்னது தப்பு."

அவர் கண்ணைச் சிமிட்டினார். அது மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது.

"நீங்க கஷ்டப்படலன்னு நான் சொல்லவே இல்ல. ஒத்தைக் குடை, கரண்ட் இல்லாத வீடு, எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஆனா உங்க கஷ்டத்துக்கு ஒரு முடிவு தெரிஞ்சுச்சு. இத்தனை வருஷம் பல்லைக் கடிச்சா வீடு, இத்தனை வருஷத்துல பதவி உயர்வு. எனக்கு அந்த முடிவு தெரியலப்பா. நான் ஒரு படி ஏறினா வாடகை ரெண்டு படி ஏறுது. சாண் ஏறினா முழம் சறுக்குதுன்னு சொல்வீங்கள்ல, அதுதான். கூட வேலை பார்க்கிற பையன் ஒருத்தன், மூணு பேர் படுக்கிற ரூம்ல ஷிஃப்ட் போட்டுத் தூங்கறான். அவன் காபியே குடிக்கிறதில்ல."

வெளியே யாரோ இருமினார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம். இன்னொண்ணு சொல்லணும். அந்த விலைச் சீட்டுக் கதை. அதை முதல் தடவை நீங்க சொன்னப்ப எனக்கு எட்டு வயசு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் போய்ப் படுத்தா தூக்கம் வரல. அந்த ஆள் அதுக்கப்புறம் என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். புது அடுப்பு வாங்கின காசு போச்சு, சலுகையும் போச்சு. கடையில அடுப்பைத் திருப்பி எடுத்திருப்பாங்களா? அதான் நான் முதல்லேர்ந்தே கேக்கல. அம்மாதான் கேட்டாங்க. நீங்க பொய் சொல்லி நான் படிக்க வேண்டாம்ப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்பதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இதையே போன வருஷமும் சொன்னாள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வருஷமும்.

பேச நிறைய இருந்தது. தாடை ஆடக் கூடாது. கண்ணில் நீர் கோத்தது, துடைத்தால் தலை ஆடும் என்று அதையும் விட்டுவிட்டார். அவள் பார்த்தும் பார்க்காதது மாதிரி சிரிஞ்சைக் கழுவப் போனாள்.

நேரமானதும் வந்து, நூலைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அவருடைய காது இளஞ்சிவப்பாக அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு," என்றாள். "அசையாம இருந்தீங்க."

"பொய் வேண்டாம்," என்றார் சீல் சார்.

"அதான் நானும் சொல்றேன்."

"முழுசாக் கேளு. தனி அடுப்புன்னு எழுதணும்னா தனி அடுப்பே வச்சிடுவோம். நிஜமாவே. இன்னியிலேர்ந்து நீ மேல சமைச்சுச் சாப்பிடு, நாங்க கீழ. கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்து மூணு மாசம் தனியாச் சமைச்சாப் போதும், சட்டம் அவ்வளவுதான் கேக்குது. தொண்ணூறு நாள். அந்த ஃபாரத்தை நான் கண்ண மூடிக்கிட்டே நிரப்புவேன். அப்ப நான் போடற கையெழுத்து பொய்க் கையெழுத்து இல்ல."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அப்பா சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள்.

"ஒரே வீட்டுல, படிக்கு மேல ஒரு சமையல், கீழ ஒரு சமையலா?"

"ஆமா."

"அம்மா என்ன சொல்வாங்க?"

அது அவருக்கும் தெரியவில்லை. வந்த வேலை முடிந்தது, அடுத்தவர் கதவைத் தட்டிவிட்டார்.

* * *

அம்மா சொன்னது ஒரே வாக்கியம்.

"இத்தனை வருஷம் சண்டை போட்டும் பிரியாத அடுப்பை ஒரு காகிதம் பிரிச்சிடுச்சு."

சொல்லிவிட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். தான் கொண்டுவந்த அடுப்பு சும்மா இருக்கத்தான் வந்தது. அதை வேலைக்கு வைத்துவிட்டார் இந்த மனுஷர். கோபத்தை அவள் வாயால் காட்டவில்லை. ஒவ்வொரு படியிலும் கால் அழுந்த விழுந்தது.

மத்தியானம் முழுக்கப் பாகப்பிரிவினை நடந்தது. இரண்டு அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரிக்கும்போதுகூட இவ்வளவு கறார் இருக்காது. அரிசி தனி, எண்ணெய் தனி, சிலிண்டர் தனி. உப்பு ஜாடியில் கைவைத்தபோது மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்புமா பிரிக்கணும்?"

"உப்புதான் முதல்ல கேப்பாங்க. உப்பு எங்க இருக்குன்னு தெரியாம யாராவது முழிச்சா, அவங்க அங்க சமைக்கலன்னு அர்த்தம்."

"இப்படியெல்லாமா போய்ப் பாத்தீங்க ஊரார் வீட்டுல?"

அவர் உப்பை இரண்டு டப்பாவில் பிரித்துக் கொட்டினார்.

மாடியில் குளிர்பெட்டி இல்லை. கீழே உள்ளதைப் பயன்படுத்தலாமா என்று மகள் கேட்டாள். சீல் சார் வெகுநேரம் யோசித்து, கூடாது என்றார். அப்படியானால் பால் தினமும் கால் லிட்டராக வாங்க வேண்டும், அது விலை அதிகம். எண்ணெயும் சின்னப் பாக்கெட்டில் விலை அதிகம். மனைவி விரல்விட்டுப் பார்த்துச் சொன்னாள்.

"வர்ற சலுகையில கால்வாசி இந்தத் தனி அடுப்புக்கே போயிடும் போலிருக்கே. சேர்ந்து சாப்பிட்டா மிச்சமாகும்னு குழந்தை வீட்டுக்கு வந்தா, சேர்ந்து சாப்பிட்டதுக்கு அபராதமா? யாருங்க இந்தச் சட்டத்தைப் போட்டது?"

"போட்டது யாரோ. நான் முத்திரைதான் குத்தினேன்."

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்," என்றாள் அவள். அதில் ஏளனம் இல்லை. அவர் தோளில் ஒருமுறை கைவைத்துவிட்டு நகர்ந்தாள்.

மாலையில் படிவத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பெயர், முகவரி, தொழில். முத்து முத்தான எழுத்து. குடும்ப வருமான வரம்பு என்று அச்சடித்திருந்த தொகைக்கு வந்தபோது கை நின்றது.

இந்த எண்ணை அவருக்குத் தெரியும். வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகக் கவுன்ட்டர் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டியவர் அவர்தான். பாப்பா அப்போது மூன்றாம் வகுப்பு. அன்றைக்கு அந்தத் தொகை என்றால் மூன்று பேர் சம்பாதிக்கிற வசதியான குடும்பம். பத்தொன்பது வருஷம் ஆகிறது. பாப்பா வளர்ந்தாள், வாடகை வளர்ந்தது, முட்டை விலை வளர்ந்தது. கண்ணாடியில் தான் ஒட்டிய எண் மட்டும் வளரவேயில்லை. இதைப் பற்றி யாராவது மேலே எழுதியிருக்க வேண்டும். தானே எழுதியிருக்கலாம். முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனை பேர் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொல்லியிருப்பார்கள், நான் "ரூல் அப்படி, அடுத்தவங்க வாங்க" என்றேன் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சாப்பிட வாங்க," என்றாள் மனைவி.

மேசையில் மூன்று தட்டு வைத்திருந்தாள். அதைக் கவனித்து, ஒன்றை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். சாதமும் கைப்பழக்கத்தில் மூன்று பேருக்கு வெந்திருந்தது. மாடியிலிருந்து எண்ணெயில் முட்டை விழும் சத்தம் வந்தது. இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"எண்ணெய் ரொம்பக் காஞ்சிடுச்சு. தீயைக் குறைக்கணும்," என்றாள் மனைவி கூரையைப் பார்த்து.

"சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள் கொஞ்சம் கழித்து.

"சொல்லலாம். தடையில்ல."

அவள் சொல்லவில்லை. வலது கால் மட்டும் மேசைக்கடியில் அழுந்தியிருந்தது.

கை கழுவிவிட்டு வந்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். படிவத்தின் பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. அது மனப்பாடம். மை மேசைக்கு இறங்காமலிருக்க அடியில் செய்தித்தாள் வைக்கலாம் என்று தூக்கித் திருப்பியபோது, பொடி எழுத்தில் இரண்டாவது வரி கண்ணில் பட்டது. அது அவருக்குத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

தனிச் சமையல் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள். இடையில் எந்த ஒரு நாளும் பொது அடுப்பில் உண்டது தெரியவந்தால் சலுகை முழுவதும் திரும்பப் பெறப்படும்.

மூன்று மாதத்தை மாற்றிவிட்டார்கள். எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த எண்ணைத் தொட மனம் வராதவர்களுக்கு, இந்த எண்ணை மாற்ற மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது. தெருவுக்கெல்லாம் "பின்பக்கத்தையும் படிங்க" என்று சொல்கிறவர், தன் பெண்ணுக்கு நிரப்பும்போது படிக்கவில்லை.

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க?"

"மேல. சும்மா பார்த்துட்டு வரேன்."

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றார். பொய்க் கையெழுத்துப் போடாத கைதான். வாய் அவ்வளவு சுத்தமில்லை.

மாடி அறைக் கதவு திறந்திருந்தது. மகள் அட்டைப்பெட்டி மேல் தட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முட்டையின் ஓரம் கருகியிருந்தது.

"வாங்கப்பா. உங்களுக்குக் கொடுக்கக் கூடாதுல்ல?"

"கூடாது. தண்ணி குடிக்கலாம். தண்ணிக்கு அடுப்பு வேண்டாம்."

அவள் எழுந்து குவளையில் தண்ணீர் எடுத்தாள். அந்த நேரத்தில் அவருடைய ஆட்காட்டி விரல், யாரும் சொல்லாமலே, பர்னரைத் தொட்டது. சுரீர் என்றது. கையை இழுத்துக்கொண்டார்.

"என்னப்பா பண்ணிக்கிட்டீங்க?"

"சூடா இருக்கான்னு பார்த்தேன்."

"இருந்துச்சா?"

"இருந்தது."

ஊரெல்லாம் தொட்ட விரல். சூடாக இருந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்த விரல். இன்றைக்கு மட்டும் அந்தப் பர்னர் சில்லென்று இருந்திருக்கக் கூடாதா, மகள் கீழே வந்து மூன்றாவது தட்டின் முன் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு இருந்தது.

"அப்ப ஆபீசர் பாஸ் போட்டுட்டார்," என்று அவள் சிரித்தாள். நாள் முழுக்க அவள் முகத்தில் இல்லாத சிரிப்பு. "இங்க பாருங்க."

கட்டிலுக்கு மேலே சுவரில் பென்சிலால் கட்டம் போட்டிருந்தாள். வரிசைக்குப் பத்து, ஒன்பது வரிசை.

"தொண்ணூறு. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். அம்மாகிட்ட சொல்லுங்க, தொண்ணூத்தியோராவது நாள் நான்தான் கீழ வந்து மூணு பேருக்கும் சமைப்பேன்னு."

பென்சிலை எடுத்து முதல் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். திரும்பி, அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள்.

சீல் சார் தண்ணீரைக் குடித்தார். சட்டைப் பையில் படிவம் நெஞ்சில் குத்தியது. அந்தச் சுவரில் இன்னும் இருநூற்று எழுபத்தைந்து கட்டங்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தபடி நின்றார்.